உளவியலா, மனநல மருத்துவமா, சமூகப்பணியா? சேர்வதற்கு முன் ஒரு கணக்கு

என் அக்காள் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறாள். "மாமா, நான் உளவியல் படிக்கட்டுமா?" என்று போன வாரம் கேட்டாள். ஏன் என்று கேட்டேன். "தோழிகள் எல்லாரும் என்னிடம்தான் வந்து மனம்விட்டுப் பேசுகிறார்கள். எனக்கும் அது பிடித்திருக்கிறது" என்றாள். இதே பதிலைச் சொல்லித்தான் நானும் ஒரு காலத்தில் உளவியல் துறையில் சேர்ந்தேன். நல்ல காரணம்தான். ஆனால் அந்தக் காரணத்துக்கு உளவியல் பட்டம்தான் நேர்வழி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளிடம் இரண்டு மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் போட்டு உடைத்துவிடுகிறேன். உளவியலில் இளநிலைப் பட்டம் வாங்கினால் உளவியலாளராகிவிடலாம் என்று நம்பிச் சேர்பவர்கள் ஏராளம். அப்படி ஆக முடியாது. செவிலியர் படிப்பை முடித்தவர் பதிவு பெற்று வார்டுக்குள் போய்விடுவார். உளவியல் முடித்தவர் அப்போதுதான் அடுத்த படிப்புக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்குவார்.

இதைச் சட்டம் நாட்டுக்கு நாடு வெவ்வேறு விதமாக வகுத்திருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் பெற்ற உளவியலாளராக வேண்டுமானால் முனைவர் பட்டம் வேண்டும். அதற்குள்ளேயே ஓராண்டு முழுநேரக் களப்பயிற்சி, மேற்பார்வையில் பார்த்த வேலையின் மணிக்கணக்கு, கடைசியில் உரிமத் தேர்வு. இங்கிலாந்தில் மூன்றாண்டு இளநிலை முடித்து, களத்தில் அனுபவம் சேர்த்து, பிறகு மூன்றாண்டு மருத்துவ உளவியல் முனைவர் படிப்பில் இடம் பிடிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் குறைந்தது ஆறு ஆண்டுகள். ஜெர்மனி 2020இல், உளவியல் சிகிச்சை தருபவர்களுக்கான சட்டத்தையே மாற்றி இளநிலை, முதுநிலை, அரசுத் தேர்வு என்று வரிசைப்படுத்தியது. அந்தத் தேர்வுக்குப் பிறகும் சிறப்புப் பயிற்சிக்கான ஆண்டுகள் இருக்கின்றன.

பெயரிலும் கவனம் தேவை. ஆஸ்திரேலியாவில் 'உளவியலாளர்' என்ற சொல்லையே பதிவு பெறாதவர் பயன்படுத்தக் கூடாது. பிரிட்டனில் 'மருத்துவ உளவியலாளர்', 'கல்வி உளவியலாளர்' போன்ற பெயர்கள் 2009 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. வெறும் 'உளவியலாளர்' என்ற பெயருக்கு அங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு பல்கலைக்கழகம் தன் விளம்பரத்தில் 'இதைப் படித்தால் உளவியலாளர் ஆகலாம்' என்று எழுதியிருந்தால், நீங்கள் வேலை செய்ய நினைக்கும் நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

வகுப்பறையில் உண்மையில் என்ன நடக்கிறது

என் முதல் செய்முறை வகுப்பு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1935இல் வெளியிட்ட சோதனையை நாங்கள் ஒருவருக்கொருவர் செய்து பார்த்தோம். அட்டையில் 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் அச்சாகியிருக்கும். சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்த நண்பன் அட்டையைப் பார்த்து "சி..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "பச்சை" என்றான். நான் கையில் கடிகாரத்தை வைத்து நேரம் குறித்தேன். அந்தச் 'சி'க்கும் 'பச்சை'க்கும் நடுவில் நின்ற ஒரு கணம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கண்ணில் பட்ட சொல்லை மனம் படித்துவிடுகிறது. அதைத் தடுத்து நிறுத்த நேரம் செலவாகிறது. அந்த நேரத்தை நொடிக்கணக்கில் குறித்துவிட முடிகிறது.

சோதனை பத்து நிமிடத்தில் முடிந்தது. அதன்பின் இரண்டு வாரம் அந்த எண்களோடுதான் குடித்தனம் நடத்தினோம். சராசரி, திட்ட விலக்கம், இரண்டு சராசரிகளுக்கு நடுவிலுள்ள வேறுபாடு தற்செயலானதா இல்லையா என்று பார்க்கும் கணக்கு, முறைப்படி எழுதிய ஆய்வறிக்கை. 'மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம்' என்று வந்தவர்களில் பலருக்கு முகம் வாடியது அந்த இரண்டு வாரத்தில்தான். நானும் ஒருநாள் வீட்டுக்கு வந்து படிப்பை விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

இதை யாரையும் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் உளவியல் ஆய்வகம் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் துறை அளந்து பார்ப்பதையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. கனவும் ஆழ்மனமும் மூன்றாண்டும் பாடத்தில் வரும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஃபிராய்டு ஒருசில வகுப்புகளோடு முடிந்துபோவது ஏமாற்றமாக இருக்கும். ஆராய்ச்சி முறைகள், புள்ளியியல், மூளையின் அமைப்பு, நினைவாற்றல், கவனம், குழந்தை வளர்ச்சி, சமூகச் சூழலில் மனிதர் நடந்துகொள்ளும் விதம் ஆகியவைதான் பாடத்திட்டத்தின் எலும்புக்கூடு.

அந்தப் புள்ளியியல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தத் துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட தேர்வே சாட்சி. 2015இல் உலகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்கள் கூட்டாகச் சேர்ந்து, முன்னணி உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவு வெளிவந்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு குறிப்பிடத்தக்க முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடுதான் தேறின. தன் வீட்டுக் கணக்கைத் தானே வெளியில் போட்டு உடைத்த துறை இது. இதைக் கேட்டதும் 'அப்படியா, ஏன் தேறவில்லை?' என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் உளவியலுக்கு ஏற்றவர். 'அப்படியானால் எதற்குப் படிக்க வேண்டும்?' என்று தோன்றினால், அடுத்து வரும் பாதைகளைக் கவனமாகப் பாருங்கள்.

மருத்துவ உளவியலும் மனநல மருத்துவமும்

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் படித்தவர்களிலேயே இருக்கிறார்கள். மனநல மருத்துவர் முதலில் ஒரு மருத்துவர். பொது மருத்துவப் படிப்பை முடித்து, மகப்பேறும் அறுவை சிகிச்சையும் உட்பட எல்லாம் பார்த்து, அதன் பிறகு மனநோயில் சிறப்புப் பயிற்சி எடுத்தவர். மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. உளவியலாளருக்கு உலகின் பெரும்பாலான இடங்களில் அது கிடையாது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2002இல், கூடுதல் பயிற்சி பெற்ற உளவியலாளர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அது விதிவிலக்கு.

ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் இரண்டு பாதைகளும் நீளமானவைதான். பெரிய வேறுபாடு நடுவழியில்தான் தெரியும். மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டால் அடுத்தடுத்த படிகள் வரிசையாகக் கிடக்கின்றன; பாதியில் மனம் மாறினாலும் வேறு மருத்துவப் பிரிவுக்குப் போய்விடலாம், சோறு போகாது. உளவியலில் ஒவ்வொரு படியிலும் ஒரு வாசல், ஒவ்வொரு வாசலிலும் கூட்டம். இளநிலையில் நூறு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பிலிருந்து முனைவர் படிப்புக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. நடுவாசலில் நின்றுபோனால் கையில் இருப்பது என்ன என்பதை முதலிலேயே யோசித்து வைக்க வேண்டும்.

அன்றாட வேலையும் வேறு. மனநல மருத்துவர் ஒரே நாளில் பலரைப் பார்ப்பார். நோயறிதல், மருந்தின் அளவு, பக்கவிளைவு, உடல்நோய் ஏதாவது மனநோயைப் போல வேடம் போடுகிறதா என்ற சந்தேகம் ஆகியவற்றில் அவர் நேரம் போகும். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு போலவே தோன்றும் என்பது அவர் மனத்தில் எப்போதும் இருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் ஒருவரோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம், வாரம் ஒருமுறை, மாதக்கணக்கில் உட்காருவார். சோதனைகள் வைத்து நினைவாற்றலையும் அறிவுத்திறனையும் அளப்பார். பதற்றம், அச்சம், எண்ணச் சுழல் நோய் போன்றவற்றுக்கு முறைப்படியான சிகிச்சை தருவார். மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு போன்ற கடும் நோய்கள்மீது உங்களுக்கு நாட்டம் என்றால், உயிரியலும் வேதியியலும் கைவரும் என்றால், மருத்துவம் படியுங்கள் என்றே சொல்வேன். உளவியலில் சேர்ந்துவிட்டுப் பின்னால் 'மருந்து எழுத முடியவில்லையே' என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருகிறது என்பதற்காக மட்டும் மருத்துவத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அது பழகிவிடும் என்று மருத்துவ நண்பர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

முனைவர் பட்டத்திலும் இரண்டு வகை உண்டு. 1949இல் அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் நடந்த மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. 1973இல் அதே நாட்டில் வேல் என்ற நகரத்தில் நடந்த மாநாடு, சிகிச்சைக்கே முதலிடம் தரும் இன்னொரு முனைவர் பட்டத்தை ஏற்றுக்கொண்டது. முதல் வகையில் இடங்கள் குறைவு. ஆனால் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு. இரண்டாம் வகையில் இடங்கள் அதிகம். கட்டணம் பெரும்பாலும் மாணவர் தலையில். பிரிட்டனிலும் இதுபோன்ற பிளவு உண்டு: மருத்துவ உளவியல் முனைவர் படிப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அரசு மருத்துவச் சேவையின் சம்பளத்தோடு படிக்கிறார்கள், ஆலோசனை உளவியல் முனைவர் படிப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொந்தச் செலவில் படிக்கிறார்கள். பட்டத்தின் பெயரைவிட, படிக்கும் ஆண்டுகளில் யார் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் பத்தாண்டு கழித்து உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். கடனோடு முடித்தவர் கடனுக்காக வேலை தேடுவார்.

பேசிக் கேட்பதுதான் ஆசை என்றால்

என் அக்காள் மகளின் ஆசை இதுதான். இதற்குச் சமூகப்பணி, ஆலோசனை, மனநலச் செவிலியம் என்று மூன்று பக்கவழிகள் உள்ளன. இவற்றைப் பக்கவழி என்று நான் சொல்வதே தவறு. அமெரிக்காவில் மனநலச் சேவையின் பெரும் பாரத்தைத் தூக்குபவர்களில் சமூகப்பணியாளர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஈராண்டு முதுநிலைப் படிப்பு, அதன் பிறகு மேற்பார்வையில் பல ஆயிரம் மணி நேர வேலை, உரிமத் தேர்வு. அதோடு தனியாக அமர்ந்து சிகிச்சை தரலாம். முனைவர் பட்டத்துக்குத் தவம் கிடக்கும் நண்பர் முதல் நோயாளியைத் தனியாகப் பார்க்கும் நாளில் இவர் ஐந்தாறு ஆண்டு அனுபவத்தோடு இருப்பார். பிரிட்டனில் மனநலச் செவிலியத்துக்கென்றே தனி மூன்றாண்டுப் பட்டம் இருக்கிறது. முடித்த கையோடு பதிவு, வேலை. அங்கேயே 2008இல் அரசு தொடங்கிய பேச்சுச் சிகிச்சைத் திட்டம், மிதமான மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கு உதவ, ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சியில் ஆட்களைத் தயார்செய்கிறது. உளவியல் இளநிலை முடித்தவர்கள் பலருக்கு அது கைகொடுத்திருக்கிறது.

சமூகப்பணியின் சிறப்பு, மனிதரைத் தனியாகப் பிரித்துப் பார்க்காதது. ஒருவர் தூக்கம் வரவில்லை என்று வந்தால் உளவியலாளர் அவர் எண்ணங்களைக் கேட்பார். சமூகப்பணியாளர் வாடகை பாக்கி எவ்வளவு என்றும் கேட்பார். இரண்டாவது கேள்வி பலமுறை முதல் கேள்வியைவிட விரைவாகத் தூக்கத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. அதன் குறை, கோப்பும் படிவமும் அலைச்சலும். ஒரு குடும்பத்துக்கு உதவித்தொகை வாங்கித் தர நான்கு அலுவலகம் ஏறி இறங்க மனம் இல்லாதவர்கள் அங்கே நிலைக்க மாட்டார்கள்.

ஆலோசனைப் படிப்பில் ஓர் எச்சரிக்கை. பல நாடுகளில் 'ஆலோசகர்' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதனால் சில வார இணையச் சான்றிதழிலிருந்து மூன்றாண்டு முதுநிலை வரை எல்லாம் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. நல்ல படிப்பை அடையாளம் காண ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: உண்மையான மனிதர்களோடு எத்தனை மணி நேரம், அதை யார் மேற்பார்வையிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

மேற்பார்வை என்றால் என்ன என்பதை ஒரு காட்சியாகவே சொல்கிறேன். முதுநிலையில் நான் ஆலோசனைப் பிரிவை எடுத்தேன். மூவர் மூவராகப் பிரிந்து, ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். எல்லாம் ஒலிப்பதிவாகும். என் எதிரில் இருந்த சக மாணவி தன் பாட்டியின் மறைவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, நிறுத்தினாள். நான் உடனே, "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். மறுநாள் ஆசிரியை அந்த ஒலிப்பதிவை ஓடவிட்டு, அந்த இடத்தில் நிறுத்தினார். "எத்தனை நொடி பொறுத்தீர்கள்?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தோம். மூன்று. "அந்த ஆறுதல் யாருக்குத் தேவைப்பட்டது, அவளுக்கா, உங்களுக்கா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தோழிகள் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்ற தகுதியோடு வருகிற ஒவ்வொருவரும் கற்க வேண்டிய முதல் பாடம், அந்த நான்காவது நொடியில் வாயைத் திறக்காமல் இருப்பது. அதை எந்தப் பட்டத்தின் வழியாகவும் கற்கலாம். மேற்பார்வை இல்லாத படிப்பில் மட்டும் கற்க முடியாது.

நோயாளிகளே இல்லாத உளவியல்

சிகிச்சையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் மறந்துபோகும் ஒரு பெரிய பக்கம் இது. இளநிலை முடித்தவர்களில் பெரும்பாலோர் கடைசியில் சிகிச்சை அறைக்கு வெளியேதான் வேலை பார்க்கிறார்கள். அதைத் தோல்வி என்று பார்க்கும் பழக்கம் துறைக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மனித வளத் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிடச் சரியான ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்பது தொழில்சார் உளவியல் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கண்டறிந்த முடிவு. ஆனாலும் நிறுவனங்கள் இன்றும் 'பார்த்தாலே தெரிந்துவிடும்' என்றே ஆளெடுக்கின்றன. அந்த இடத்தில் ஓர் உளவியல் பட்டதாரி செய்யக்கூடிய நன்மை சிறியதன்று. ஒருவர் வேலை பெறுவதும் இழப்பதும் அதில் இருக்கிறது. மேலாண்மைப் படிப்பு முடித்தவரும் இந்த வேலைக்குப் போட்டியிடுவார்; சம்பளப் பட்டியல், தொழிலாளர் சட்டம் ஆகியவற்றில் அவர் கை ஓங்கியிருக்கும். மனித வளம்தான் இலக்கு என்று இப்போதே உறுதியாக இருந்தால் மேலாண்மையை முதன்மையாகவும் உளவியலைத் துணைப்பாடமாகவும் எடுப்பது சுருக்கமான வழி.

செயலிகளையும் இணையதளங்களையும் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் பயனர் ஆய்வு வேலைக்கு உளவியல் நல்ல அடித்தளம். ஒருவர் பொத்தானைத் தேடித் திணறும் நேரத்தைக் குறிப்பதும், ஸ்ட்ரூப் அட்டை முன் என் நண்பன் திணறிய நேரத்தைக் குறித்ததும் ஒரே வேலைதான். அன்று வகுப்பில் முகம் வாடவைத்த புள்ளியியல் இங்கே சோறு போடுகிறது. புள்ளியியலோடு கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்த உளவியல் பட்டதாரி வேலைக்காகத் தவிப்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூட உளவியல் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. 1905இல் ஆல்ஃபிரெட் பினே பிரான்சில் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியதே, வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறியத்தான். இன்றும் வேலையின் சாரம் அதுவே. குழந்தைகளோடு இருக்க விரும்பி, முனைவர் பட்டம்வரை போகத் தயங்குபவர்கள் தங்கள் நாட்டில் இதற்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று பார்க்கலாம். சில இடங்களில் முதுநிலையே போதும், சில இடங்களில் அதுவும் முனைவர் பட்டம்தான்.

ஆராய்ச்சி, பேராசிரியர் பணி பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அந்த ஆசை உள்ளவர்களை யாரும் தடுக்க முடியாது. இளநிலை இரண்டாம் ஆண்டிலேயே யாருடைய ஆய்வகத்திலாவது போய் வேலை கேளுங்கள்.

இன்னொரு வழியும் திறந்தே இருக்கிறது. வேறு பட்டத்தை முடித்துவிட்டுப் பின்னால் உளவியலுக்கு வருவது. பிரிட்டனில் இதற்கென்றே ஓராண்டு மாற்றுப் படிப்புகள் உள்ளன. பதினேழு வயதில் எடுக்கும் முடிவு ஒன்றும் கல்லில் வெட்டியது அன்று. கணிதமும் இலக்கியமும் படித்துவிட்டு முப்பது வயதில் வந்தவர்கள் என் முதுநிலை வகுப்பில் இருந்தார்கள். அந்த மூன்று நொடிப் பாடத்தை எங்களைவிட விரைவாகக் கற்றவர்களும் அவர்களே.

அக்காள் மகளிடம் ஒரே ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அவள் பார்த்து வைத்திருக்கும் மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதி நான்கு கேள்வி கேட்க வேண்டும். இந்தப் பட்டத்தை எந்த உரிம அமைப்பு ஏற்கிறது? புள்ளியியல் எத்தனை தாள்? களப்பயிற்சி எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை? மூன்று ஆண்டு முன் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கூடவே ஒரு சமூகப்பணித் துறைக்கும் அதே கேள்விகளை அனுப்பச் சொன்னேன். இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்துவிட்டது. கடைசிக் கேள்விக்கு முழுப் பட்டியலோடு பதில் எழுதியது சமூகப்பணித் துறைதான். அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை.